பதினோராவது பை

கணக்கில் பெயிலான பிள்ளையின் கையில் எண்ணிக்கையைக் கொடுக்கிற ஆட்களை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தாழந்தீவுப் பாருக்கு, அந்தக் கடலடிக் கல்திட்டுக்கு, பாசி எடுக்கப் போகிற வல்லத்தில் பார்க்கலாம். ஆளை எண்ணினால் ஆள் குறைந்துபோகும் என்று அந்தப் பொம்பளைகளுக்கு ஒரு பயம். அதனால் வேலை முடிந்து தண்ணீரை விட்டு ஏறும்போது தலையை எண்ண மாட்டார்கள், பாசிப் பையைத்தான் எண்ணுவார்கள். பை சரியாக இருந்தால் ஆளும் சரி, பையை விட்டுவிட்டு எவள் ஏறுவாள் என்பது அவர்கள் கணக்கு. அதையும் பெரியவர்கள் எண்ணக் கூடாது. வல்லத்தில் இருப்பதிலேயே சின்னவள் எண்ண வேண்டும், சின்னக் கண்ணு பட்டால் ஒன்றும் ஆகாதாம். அப்படித்தான் இரண்டு வருஷமாக எண்ணிக்கை நம்புராணியிடம் இருந்தது. வயது பதினேழு. பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கியது இருபத்தெட்டு. அம்மாவுக்கு முதுகெலும்பு தேய்ந்து தண்ணீரில் இறங்க முடியாமல் போனதும், அம்மாவின் முக்குளிக் கண்ணாடியையும் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்தவள். மாதம் இரண்டு நடை, நடைக்கு ஐந்து நாள். ஆள் குடியில்லாத அந்தத் தீவில் தாழம்புதர் ஓரமாகத் தார்ப்பாய்க் கொட்டகை போட்டுத் தங்கல், பத்து நிமிஷத் தூரத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில் பார். இன்றைக்கு ஐந்தாம் நாள். உச்சிப்பொழுதுக்குள் வேலையை முடித்து நேரே ஊருக்குத் திரும்ப வேண்டும். நாலு நாளைத் தள்ளியாகிவிட்டது, இன்னும் அரை நாள்தானே, அரை நாளைத் தள்ள முடியாதா என்று நினைத்தபடியே நம்புராணி மூச்சை இழுத்து அடக்கித் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தாள்.

உள்ளே போனதும் சத்தம் எல்லாம் நின்றுவிடும், அதுதான் முன்பெல்லாம் அவளுக்குப் பிடித்தது. வீட்டில் அம்மா முனகுவது, கொட்டகையில் பொம்பளைகள் பேசுகிற பேச்சு எதுவும் உள்ளே வராது. துணி சுற்றிய விரலால் கல்லைத் தடவி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பைக்குள் திணிப்பது ஒன்றுதான் வேலை. இப்போது அந்த அமைதிதான் ஆகாமல் போய்விட்டது. காதுக்குள் ஒரு குரல் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறது, அவள் குரல்தான், பத்து வரைக்கும் ஒழுங்காகப் போகும், பத்துக்கு அப்புறம் போகாது. கல் இடுக்கில் ஒரு துணி ஆடுகிறது. பச்சைத் துணி, இல்லை, பாசி. பாசிதான். பூமயில் சித்தி, கடலோடு போன அன்றைக்கு, என்ன கலர் சேலை கட்டியிருந்தாள்? மேலே சித்தப்பாவின் கட்டம் போட்ட சட்டை, அது தெரியும், உள்ளே சேலை என்ன கலர் என்று யோசித்து யோசித்து இருபத்தாறு நாளாக வரவில்லை. கலர் தெரிந்தால் பயம் பாதி குறையும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு, தெரியாததனால்தான் பார்க்கிற துணி எல்லாம் அதுவாக இருக்கிறது. மூச்சு முட்டியது. காலை உந்தி மேலே வந்தாள். வந்த மாத்திரத்தில் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. உதட்டைக் குவித்து, நீளமாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து விடுகிற மூச்சு. தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு மூச்சுச் சத்தம் உண்டு, முகத்தைப் பார்க்காமலே யார் என்று சொல்லிவிடலாம். இது பூமயில் சித்தியின் மூச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். முனீஸ்வரி நின்றாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூமயில் சித்தியின் மகள். நாலு நாளில் இது எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை.

பதினைந்து வயதுப் பிள்ளை. போன மாதம் வரைக்கும் ரெட்டைச் சடை போட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா போனதும், அப்பன் பாயைச் சுருட்டாமல் படுத்துவிட்டதும், கீழே இரண்டு தம்பிகள் இருப்பதும் எல்லாம் சேர்ந்து அதை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. வல்லத்துக்குத் தலைவி குருவம்மா அத்தை. அவள் முதல் நாளே, நம்பு, இவளை உன் பக்கத்துலயே வச்சுக்க, புதுசு, தூரம் போயிரப் போறா என்று சொல்லிவிட்டாள். வேறு ஆளா கிடைக்கவில்லை? பத்துப் பேர் இருக்கிற இடத்தில் தன் பக்கத்தில்தானா? ஆனால் என்னவென்று மறுப்பது? சாமி, இது என்ன தண்டனை என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கஞ்சி குடிக்கையில் கேட்டது, கொட்டகையில் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டது, கேட்டது எல்லாம் ஒரே கேள்விதான். அன்னைக்கு அம்மா யாருகிட்ட கடைசியாப் பேசுச்சு, என்ன பேசுச்சு. ஒருநாள் தூக்கம் வருகிறது என்றாள் நம்புராணி. ஒருநாள் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

மழைச் சத்தம் என்பது மட்டும் பொய்யில்லை. அன்றைக்கு மழை வந்தது. காலையில் நல்ல வெயில்தான், சோழக்காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பூமயில் சித்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியாது. பத்துப் பேரைச் சிரிக்க வைக்காமல் அவளுக்குக் கஞ்சி இறங்காது. "கணக்குல கோட்டை விட்டவ கையில நம்ம உசுரைக் கொடுத்திருக்கோம்த்தா," என்றாள். "பதினொண்ணு பத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு இவகிட்டக் கேட்டுச் சொல்லுங்கடி." எல்லாரும் சிரித்தார்கள். வல்லத்துக்காரர் களஞ்சியம் மாமா கூடச் சிரித்தார், தண்ணிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனவர் நின்று சிரித்தார். நம்புராணிக்கு முகம் எரிந்தது. அவளுக்கு அன்றைக்கு வயிற்றுவலி வேறு. பாருக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி முங்கி எழும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது, அதைவிட அந்தச் சிரிப்பு பிசைந்தது. சித்திக்கு என்ன பதில் கொடுப்பது, எல்லார் முன்னாலும், நறுக்கென்று, இனி வாயே திறக்காத மாதிரி? அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் பாசி எங்கே எடுத்தாள். மத்தியானம் கழிந்து மேற்கே கருமேகம் எழும்பியது, நீவாடு, கடல் நீரோட்டம், மாறித் தண்ணீர் இழுக்க ஆரம்பித்தது. களஞ்சியம் மாமா கையைத் தட்டிக் கூப்பிட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கடல்மேல் பேரை விட்டால் கடல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒரு பயம். எல்லாரும் வல்லத்தைப் பார்த்து நடந்தார்கள். நம்புராணி கடைசியில் நின்றாள். அப்போது சித்தி அவளிடம் வந்து, ரொம்பி வழிகிற தன் பையை இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டி, "இந்தா, இதைக் கொண்டுபோய்ப் போடு. நான் இன்னும் ஒரு முங்கு போட்டுட்டு வாரேன்," என்றாள். அதோடு இன்னொரு வார்த்தையும் சொன்னாள். அந்த வார்த்தைக்குக் கிட்டே போனாலே நம்புராணி நினைப்பைத் திருப்பிவிடுவாள், வேறு எதையாவது, அம்மாவின் மருந்தை, அண்ணனின் கல்யாணத்தை, எதையாவது இழுத்து அதற்கு முன்னால் போட்டு மூடிவிடுவாள். சரி என்று தலையை ஆட்டிப் பையை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பை. ஒன்றை வல்லத்துக்குள் எறிந்தாள், அப்புறம் இன்னொன்றை. மழை சடசடவென்று இறங்கிவிட்டது. ஆளாளுக்குத் தலையில் துண்டையும் சாக்கையும் இழுத்துப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார்கள், முகம் தெரியவில்லை. பை சரியா என்று குருவம்மா அத்தை சாக்குக்குள்ளிருந்து கேட்டாள். நம்புராணி எண்ணினாள். பதினொண்ணு, சரி என்றாள். மாமா இன்ஜினைப் போட்டார்.

இங்கேதான் அவள் சிக்கிக்கொள்வாள். பையை எறிந்ததற்கும் பதினொண்ணு என்று சொன்னதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? ஒரு முங்கு நேரம் இருக்குமா, அதுகூட இருக்காது. அந்த நேரத்தில் சித்தி தண்ணீரில் இருக்கிறாள் என்று தெரியுமா, தெரியாதா? மறந்துவிட்டேன், சத்தியமாக மறந்துதான் போனேன், வயிற்றுவலி, மழை, அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன், அந்தப் பதில் அப்போதுதான் வந்தது என்று சில நாள் அவளுக்கு உறுதியாக இருக்கும். ஆமாம், பதில் அப்போதுதான் வந்தது, எட்டாவது பையை எண்ணும்போது வந்தது. உங்க மக மட்டும் என்ன கலெக்டராவா போகப் போறா, நாளைக்கு அவளும் வந்து இந்தப் பையைத்தான் இடுப்புல கட்டப்போறா. ஆகா, இதுதான், கரைக்குப் போனதும் எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் ருசித்துக்கொண்டே ஒன்பது, பத்து, பதினொண்ணு. யாரிடம் கேட்கப் போகிறாள்? சித்தியிடம்தானே? அப்படியானால் சித்தி வல்லத்தில் இருக்கிறாள் என்றுதானே நினைத்திருக்கிறாள்? அப்படியானால் மறந்ததுதானே? இது வரைக்கும் வந்து நெஞ்சு கொஞ்சம் லேசாகும். லேசான மறு நிமிஷமே இன்னொன்று எழும்பி வரும். கொஞ்ச நேரம் நிக்கட்டும், நனையட்டும், அவளும் கத்தட்டும் என்று ஒரு நினைப்பு வந்ததே, அது எப்போது வந்தது? அன்றைக்கு வந்ததா, அதற்கு அப்புறம் கொட்டகையில் காய்ச்சலில் கிடந்தபோது வந்ததா? வந்தது என்பது மட்டும் தெரிகிறது. அந்த நினைப்புக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. பதில் என்னவோ பலித்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை, அதற்குள் பலித்துவிட்டது. இதோ அந்த மகள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், அது அவள் அம்மாவின் பைதான். குருவம்மா அத்தைதான் எடுத்துக் கொடுத்தாள்.

தீவில் இறங்கிச் சாக்கை எடுத்த பிறகுதான் பத்துப் பேர் நிற்பது தெரிந்தது. திரும்பிப் போனார்கள். பாருக்கு மேல் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது, கிட்டப் போக முடியவில்லை. அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முதலாகக் கடல்மேல் பேரைச் சொல்லிக் கத்தினார்கள், பத்துப் பேரும் சேர்ந்து, தொண்டை கட்டுகிற வரைக்கும். இரண்டு நாள் தேடினார்கள், ஊரிலிருந்து பன்னிரண்டு வல்லம் வந்தது, உடம்பு கூடக் கிடைக்கவில்லை. கொட்டகையில் குருவம்மா அத்தை, பூமயில் பையைப் போட்டதை யாரும் பார்த்தீர்களா என்று எல்லாரையும் கேட்டாள். நம்புராணி வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ, அவளே வந்து போட்டுட்டு மறுபடி இறங்கியிருப்பா என்றார்கள். அவ்வளவுதான், அதுவே உண்மையாகிப்போனது. "பை ரொம்பியும் மனசு ரொம்பலையே அவளுக்கு," என்று குருவம்மா அத்தை அழுதாள், அழுகிற அழுகையில் சொன்னது, குத்திக்காட்டச் சொன்னதில்லை. ஆனால் ஊருக்குள் அந்த வார்த்தைதான் போய்ச் சேர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் பேராசைப்பட்டு இறங்கிச் செத்தாள் பூமயில். குழாயடியில் அதைச் சொன்னார்கள், கோயில் வாசலில் சொன்னார்கள். இரண்டு வார்த்தை பேசினால் அந்தப் பேர் துடைபட்டுப்போகும், எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு என்று இரண்டே வார்த்தை. பேசினால் அப்புறம் ஊர் இவளை என்ன சொல்லும்? அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பாள், பல் தேய்ப்பதற்குள் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அக்கா." முனீஸ்வரிதான், இன்னும் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். விரலில் சுற்றிய துணியில் ரத்தம் ஊறியிருந்தது, கல் கிழித்திருக்கும். "இனி கேக்க மாட்டேன்க்கா. இன்னைக்கு ஊருக்குப் போயிட்டா கேக்க மாட்டேன். எங்கம்மா யாருகிட்டயுமே சொல்லலையா? எங்கிட்ட தெருமுனை கடைக்குப் போனாக்கூடச் சொல்லிட்டுத்தான்க்கா போகும்." நம்புராணி கண்ணாடியை இழுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். தண்ணீருக்குள் போய்விட்டாள், பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே. கல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், பாசியைப் பறிக்கவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்படியே கிடந்துவிட்டால் என்ன என்று தோன்றியது, அதுவும் அவளைப் பயமுறுத்தவில்லை, பயமுறுத்தாததுதான் பயமாக இருந்தது. சித்தி எவ்வளவு நேரம் கிடந்திருப்பாள்? முதலில் மேலே வந்து பார்த்திருப்பாள். வல்லம் போவதைப் பார்த்திருப்பாள். சிரித்திருப்பாளோ? இந்தக் கிறுக்குச் சிறுக்கி எண்ணுன லட்சணத்தைப் பாரு என்று முதலில் சிரித்துத்தான் இருப்பாள், இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள், இப்போது திரும்பிவிடுவார்கள் என்று நின்றிருப்பாள். நம்பு எண்ணியிருக்கிறாள், நம்புவிடம் சொல்லிவிட்டுத்தானே இறங்கினோம், நம்பு சொல்வாள் என்று நின்றிருப்பாள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனதும் மேலே வந்தாள். வந்ததும் அழுகை வந்தது, கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியது, அது கடல் தண்ணீர் இல்லை. முனீஸ்வரி அங்கே இல்லை. ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. அப்புறம் பார்த்தால் அந்தப் பிள்ளை வல்லத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. களஞ்சியம் மாமா கையைத் தட்டிக்கொண்டிருந்தார், இவள் காதில்தான் விழவில்லை.

எல்லாரும் ஏறினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது, மேகம் பேருக்குக்கூட இல்லை, ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் பொம்பளைகள் தலைமுடியைப் பிழிந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு நாளும் நம்புராணியைத்தான் எண்ணச் சொன்னாள் குருவம்மா அத்தை, நாலு நாளும் அவள் பையை எண்ணுகிற சாக்கில் ஒவ்வொரு முகமாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்துத்தான் சரி என்றாள். இன்றைக்கு அத்தை அவளைக் கேட்கவில்லை. முனீஸ்வரியைப் பார்த்து, ஒரு நடை முடிஞ்சிருச்சு, இனி நீதான் சின்னவ, நீ எண்ணு தாயி என்றாள். அந்தப் பிள்ளை எழுந்தது. ஒவ்வொரு பையாகக் குனிந்து தொட்டுத் தொட்டு எண்ணியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையா, திருத்தமாக எண்ணியது. ஒண்ணு, ரெண்டு. பையை மட்டும்தான் பார்த்தது, ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து. தன் அம்மாவின் பையைத் தொட்டுப் பதினொண்ணு, சரி என்றது. மாமா இன்ஜின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"மாமா, போடாதீக," என்றாள் நம்புராணி. எழுந்து நின்றாள், வல்லம் ஆடியது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் முனீஸ்வரியை மட்டும் பார்த்தாள். "அந்தப் பையை அன்னைக்கு நான்தான் கொண்டாந்து போட்டேன். உங்கம்மா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலை. மறந்துட்டேனா, கோவத்துல இருந்தேனா, எனக்கே தெரியலை. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியலை." குருவம்மா அத்தை சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நம்புராணிக்கு அந்த ஒரு வார்த்தை இன்னும் மிச்சம் இருந்தது, விட்டால் அது திரும்ப உள்ளே போய்விடும் என்று தெரிந்தது. "அது பேராசைப்பட்டுப் போகலை. அன்னைக்கு எனக்கு வயித்துவலி, என் பை பாதிகூட ரொம்பலை. வெறும் பையோட வீட்டுக்குப் போனா உங்கம்மா மூஞ்சி வாடிப்போகும்டி, உனக்கு ஒரு மடி அள்ளிட்டு வாரேன், காலையில சொன்னதை மனசுல வச்சுக்காதன்னு சொல்லுச்சு. எனக்கு அள்ளிக் கொடுக்கத்தான் போச்சு."

முனீஸ்வரி அழவில்லை. கீழே கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எங்கப்பா சோத்துல கைய வைக்கிறப்பல்லாம் எங்கம்மாவைத் திட்டிக்கிட்டே திங்கிறாரு," என்றாள். "நீ வீட்டுக்கு வந்து சொல்லணும். இப்பச் சொன்ன மாதிரியே சொல்லணும். கடைசியாச் சொன்னதையும் சொல்லணும்." சொல்கிறேன் என்றாள் நம்புராணி. மாமா கயிற்றை இழுத்தார். வல்லம் கிளம்பிப் பாரைத் தாண்டியதும், முனீஸ்வரி பைகளை மிதித்துக்கொண்டு வந்து நம்புராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தத் துணி சுற்றிய கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிரியத்தில் பிடித்தாளா, கரை வந்ததும் ஓடிவிடக் கூடாது என்று பிடித்தாளா, நம்புராணிக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. ஊர் வருகிற இரண்டு மணி நேரமும் அந்தப் பிடி தளரவில்லை. கை மரத்துப்போனது, அவள் இழுத்துக்கொள்ளவில்லை.